வைட்டமின் டி மாத்திரை: எவ்வளவு, எத்தனை நாள், எப்போது நிறுத்துவது

என் பெரியம்மாவுக்கு ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி குறைவு என்று வந்தது. மருத்துவர் 60,000 யூனிட் கேப்ஸ்யூல் எட்டு எழுதிக் கொடுத்தார். வாரத்துக்கு ஒன்று, எட்டு வாரம். பெரியம்மா சாப்பிடும் மற்ற மாத்திரைகள் எல்லாம் தினமும் சாப்பிட வேண்டியவை. இந்தக் கேப்ஸ்யூலும் அதே டப்பாவில் போய் உட்கார்ந்தது, தினமும் காலையில் ஒன்று உள்ளே போனது. எட்டும் தீர்ந்ததும் பழைய சீட்டைக் காட்டி இன்னும் வாங்கிக்கொண்டார்.

மூன்றாவது வாரம் தீராத தாகம், மலச்சிக்கல், சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டல். இரவில் நான்கைந்து முறை சிறுநீர் கழிக்க எழுந்தார். வயிறு சரியில்லை என்றே எல்லோரும் நினைத்தோம். கடைசியில் ஒரு மருத்துவர், "சாப்பிடுகிற மாத்திரை எல்லாவற்றையும் அட்டையோடு கொண்டு வாருங்கள்" என்று கேட்டு, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தபோதுதான் விஷயம் வெளிவந்தது. ரத்தத்தில் கால்சியம் 12-ஐத் தாண்டியிருந்தது. இயல்பாக அது 8.5 முதல் 10.5 வரை இருக்க வேண்டும். மாத்திரையை நிறுத்தி, நரம்பு வழியாகத் திரவம் ஏற்றி, பெரியம்மா தேறிவிட்டார். ஆனால் கால்சியம் முழுதாக இறங்கப் பல வாரம் ஆனது.

மாத்திரையை நிறுத்திய பிறகும் ஏன் அத்தனை நாள்? இந்த ஒரு கேள்விக்குப் பதில் புரிந்துவிட்டால், வைட்டமின் டியை எப்படிப் பாதுகாப்பாகச் சாப்பிடுவது என்பதில் பாதி புரிந்த மாதிரி.

வைட்டமின் சி போன்றவை நீரில் கரைபவை. தேவைக்கு மேல் சாப்பிட்டால் பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். வைட்டமின் டி கொழுப்பில் கரைவது. மிஞ்சியது வெளியே போகாமல் உடலின் கொழுப்பில் தங்கி, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்துக்கு வந்துகொண்டே இருக்கும். ரத்தத்தில் சுற்றும் வைட்டமின் டியின் அளவு பாதியாகக் குறையவே இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். அதனால் ஒரு நாள் மாத்திரை மறந்துபோனால் ஒன்றும் ஆகாது. அதே காரணத்தால், தினமும் கொஞ்சம் அதிகமாகப் போனால் அது சத்தமில்லாமல் சேர்ந்துகொண்டே போகும்.

இனி அது உடலுக்குள் என்ன ஆகிறது என்று பார்ப்போம். வெயிலில் இருக்கும் புற ஊதா பி கதிர் தோலில் படும்போது, அங்கிருக்கும் கொலஸ்ட்ராலைச் சேர்ந்த ஒரு பொருள் வைட்டமின் டி3 ஆக மாறுகிறது. மாத்திரையில் வருவதும் பெரும்பாலும் இதே டி3 தான். தோலில் உண்டானாலும் வாய்வழி வந்தாலும் அது அப்படியே வேலை செய்யாது. முதலில் கல்லீரலுக்குப் போய் 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி ஆகிறது. பரிசோதனைச் சீட்டில் நாம் பார்க்கும் எண் இதன் அளவுதான். பிறகு சிறுநீரகத்தில் இன்னொரு மாற்றம் நடந்து கால்சிட்ரியால் என்ற வீரியமுள்ள வடிவம் ஆகிறது. இது குடலிடம் "உணவிலிருக்கும் கால்சியத்தை உள்ளே எடு" என்று சொல்லும் ஹார்மோன். வைட்டமின் டி குறைந்தால் எலும்புக்குக் கால்சியம் போதாது. கூடினால் ரத்தத்தில் கால்சியம் நிரம்பி வழிகிறது. வைட்டமின் டி நஞ்சாவது என்று சொல்வதெல்லாம் பெரும்பாலும் இந்தக் கால்சியம் செய்கிற வேலைதான்.

வெயிலில் அதிக நேரம் நின்றால் வைட்டமின் டி அளவு மீறுமா என்று பலர் கேட்பார்கள். மீறாது. தோலில் போதுமான அளவு உண்டானதும், மிஞ்சியதை அதே வெயில் வேறு பயனற்ற பொருள்களாகச் சிதைத்துவிடும். தோல் கருகலாம், தோல் புற்றுநோய் அபாயம் கூடலாம், அது வேறு கதை. தோலுக்கு இருக்கும் இந்தத் தடுப்பு வாய்வழிக்குக் கிடையாது. விழுங்கியதைக் குடல் கணக்குப் பார்க்காமல் உள்ளே வாங்கிக்கொள்ளும். ஆகவே கணக்குப் பார்க்கும் பொறுப்பு நம்முடையது.

சரி, கணக்குக்கு வருவோம். வைட்டமின் டியை இரண்டு விதமாக எழுதுவார்கள். ஒன்று சர்வதேச யூனிட், சீட்டில் ஐ.யூ. என்று இருக்கும். இன்னொன்று மைக்ரோகிராம். 1 மைக்ரோகிராம் என்பது 40 யூனிட். இதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 10 மைக்ரோகிராம் என்றால் 400 யூனிட், 25 என்றால் 1000, 50 என்றால் 2000. ஒரு டப்பாவில் "50" என்றும் பக்கத்து டப்பாவில் "1000" என்றும் இருந்தால், கண்ணுக்கு இரண்டாவதுதான் பெரிதாகத் தெரியும். உண்மையில் முதல் டப்பா இரண்டு மடங்கு. இன்னொரு விஷயம், 60,000 யூனிட் என்பதே வெறும் ஒன்றரை மில்லிகிராம் எடைதான். ஒரு சிட்டிகை உப்பில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. இவ்வளவு சின்ன எடையில் இவ்வளவு வேலை செய்யும் பொருள் என்பதால்தான் யூனிட் கணக்கில் கவனம் பிசகக் கூடாது.

ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டும்? அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் 2010 இறுதியில் வெளியிட்ட அளவுகளைத்தான் பல இடங்களில் எடுத்துக்காட்டுவார்கள். 1 வயது முதல் 70 வயது வரை தினமும் 600 யூனிட், 70-க்கு மேல் 800, ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு 400. நாட்டுக்கு நாடு இதில் சிறு வேறுபாடு உண்டு. அதே அறிக்கை, மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் தாண்டக் கூடாத உச்ச அளவையும் சொல்கிறது: 9 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நாளொன்றுக்கு 4000 யூனிட். 4 முதல் 8 வயது வரை 3000, 1 முதல் 3 வரை 2500, ஆறு மாதம் முதல் ஒரு வயது வரை 1500, பிறந்ததிலிருந்து ஆறு மாதம் வரை 1000. இந்த 4000 என்பது சாப்பிட வேண்டிய அளவு இல்லை. நாள்தோறும், ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டாலும் பெரும்பாலோருக்குத் தீங்கு வராது என்று வைத்த எல்லை. 600-க்கும் 4000-க்கும் நடுவில் இவ்வளவு இடம் இருக்கும்போது எல்லைக் கோட்டில் போய் நிற்பதால் ஒரு நன்மையும் இல்லை.

அப்படியானால் 60,000 யூனிட் கேப்ஸ்யூல் எப்படிச் சரியாகும்? வாரத்துக்கு ஒன்று என்றால் நாளொன்றுக்குச் சுமார் 8,500 யூனிட் வருகிறது. உச்ச அளவைவிட அதிகம்தான். ஆனால் அது குறைபாடு உறுதியானவருக்கு, காலியான இருப்பை நிரப்ப, சில வாரங்களுக்கு மட்டும் கொடுக்கும் சிகிச்சை. 50,000 யூனிட் கேப்ஸ்யூலையும் இதே முறையில் கொடுப்பார்கள். நிரம்பியதும் குறைந்த அளவுக்கு இறங்கிவிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதைப் பெரியம்மா கணக்கில் பாருங்கள்: இருபது நாளில் 12 லட்சம் யூனிட். அதனால் சீட்டை வாங்கும்போதே இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள். "இது தினமுமா, வாரத்துக்கு ஒன்றா?" அப்புறம், "என்றைக்கு நிறுத்த வேண்டும்?" இரண்டாவது கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. தேதி தெரியாமல் தொடங்கும் மாத்திரை பழக்கமாகிவிடும்.

ஒரேயடியாகப் பெரிய அளவைக் கொடுத்துவிட்டால் அடிக்கடி சாப்பிடும் தொல்லை இல்லையே என்று மருத்துவ உலகமே ஒரு காலத்தில் யோசித்தது. ஆஸ்திரேலியாவில் 70 வயதைத் தாண்டிய 2256 பெண்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு ஆண்டுக்கு ஒரே முறை 5 லட்சம் யூனிட், மறு பாதிக்கு மருந்தே இல்லாத வெறும் போலி மாத்திரை. எலும்பு முறிவு குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 2010-ல் முடிவு வந்தபோது, வைட்டமின் டி சாப்பிட்டவர்கள்தான் அதிகமாகக் கீழே விழுந்திருந்தார்கள், அவர்களுக்குத்தான் எலும்பும் அதிகமாக முறிந்திருந்தது. மருந்து கொடுத்த முதல் மூன்று மாதத்தில் விழுவது கூடுதலாக இருந்தது. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இந்த ஆய்வை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். "ஒரே ஊசியில் முடிந்துவிடும்" என்று யாராவது சொன்னால், தினமும் சாப்பிடும் சின்ன அளவு போதாதா என்று தயங்காமல் கேளுங்கள்.

எதற்காகச் சாப்பிடுகிறோம் என்பதிலும் தெளிவு வேண்டும். குழந்தைகளுக்கு எலும்பு மிருதுவாகி வளையும் ரிக்கெட்ஸ், பெரியவர்களுக்கு எலும்பு மிருதுவாகும் நோய், உறுதியான குறைபாடு, இவற்றுக்கு வைட்டமின் டி அருமையான மருந்து. 1922-ல் அமெரிக்க விஞ்ஞானி எல்மர் மெக்காலம் குழுவினர் மீன் எண்ணெயிலிருந்து இதை அடையாளம் கண்டு பெயர் வைத்ததே ரிக்கெட்ஸைத் தேடிப் போனபோதுதான். ஆனால் புற்றுநோய், மாரடைப்பு எல்லாவற்றையும் தடுக்கும் என்று பேசுவதை நம்பி, குறைபாடு இல்லாதவர்கள் அளவைக் கூட்டிக்கொண்டே போவதில் அர்த்தமில்லை. அமெரிக்காவில் 25,871 பேரை வைத்து நடந்த வைட்டல் என்ற பெரிய ஆய்வில், தினமும் 2000 யூனிட் சாப்பிட்டவர்களுக்குப் புற்றுநோய் வருவதோ மாரடைப்பு, பக்கவாதம் வருவதோ குறையவில்லை. 2022-ல் வந்த அதன் அடுத்த முடிவில் எலும்பு முறிவும் குறையவில்லை. அதே ஆய்வில் ஆறுதலான செய்தியும் உண்டு: ஐந்து ஆண்டுக்கு மேல் தினமும் 2000 யூனிட் சாப்பிட்டும் ரத்தத்தில் கால்சியம் ஏறும் தொல்லை கூடவில்லை.

இனி எல்லோர் வீட்டிலும் நடக்கும் ஒரு தவறைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். மேசை மேல் மூன்று டப்பா இருக்கிறது. முதலாவது டி3 மாத்திரை, ஒன்றில் 2000 யூனிட். இரண்டாவது கால்சியம் மாத்திரை. முன்பக்கத்தில் கால்சியம் என்று மட்டும்தான் பெரிதாக இருக்கிறது. திருப்பினால் சின்ன எழுத்தில் "வைட்டமின் டி3, 250 யூனிட்". தினமும் இரண்டு என்றால் 500. மூன்றாவது மல்டிவைட்டமின், அதில் 400. மூன்றையும் சேர்த்தால் 2900 யூனிட். எல்லைக்குள்தான் இருக்கிறது, நல்லது. இப்போது யாரோ நண்பர் சொன்னார் என்று எலும்புக்கென்று இன்னொரு மாத்திரை வருகிறது, அதில் 2000. மொத்தம் 4900. ஒரு டப்பாவிலும் தப்பு இல்லை, கூட்டினால்தான் தப்பு. ஆகவே வீட்டில் இருக்கும் எல்லா டப்பாவையும் ஒரு தடவை திருப்பி வைத்து, வைட்டமின் டி என்ற வரியைத் தேடி, ஒரு காகிதத்தில் கூட்டிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. மருத்துவரிடம் போகும்போது அந்தக் காகிதத்தை எடுத்துப் போங்கள்.

கால்சியம் மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னொரு வார்த்தை. அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற பெண்களிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வில், தினமும் 1000 மில்லிகிராம் கால்சியமும் 400 யூனிட் வைட்டமின் டியும் சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகக் கல் 17 சதவீதம் கூடுதலாக வந்தது. முன்பு கல் வந்தவர்கள், கால்சியம் மாத்திரை தேவைதானா என்பதை முதலில் மருத்துவரிடம் பேசிவிட்டுத் தொடங்குவது நல்லது. உணவிலிருந்தே போதுமான கால்சியம் கிடைத்தால் மாத்திரையில் மேலும் சேர்க்க வேண்டியதில்லை.

கைக்குழந்தைக்குக் கொடுக்கும் சொட்டு மருந்து இருக்கிறதே, அதைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே கவலைப்படுவேன். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்குத் தினமும் 400 யூனிட் கொடுக்கச் சொல்வது வழக்கம். இதில் சிக்கல் பாட்டிலில் இருக்கிறது. சில பாட்டிலில் 1 மில்லியில் 400 யூனிட் இருக்கும், சிலவற்றில் ஒரே சொட்டில் 400 இருக்கும். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி சின்னப் பாட்டில்கள். 1 மில்லியில் ஏறத்தாழ இருபது, முப்பது சொட்டு வரும். முதல் பாட்டில் தீர்ந்து இரண்டாவது வகையை வாங்கிவிட்டு, பழைய பழக்கத்தில் 1 மில்லி கொடுத்தால் குழந்தைக்குப் போவது 8000 முதல் 12,000 யூனிட். பிறந்த குழந்தைக்கு உச்ச அளவே 1000 என்பதை இதோடு வைத்துப் பாருங்கள். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2010-ல் இதே ஆபத்தைப் பற்றிப் பெற்றோருக்கு எச்சரிக்கை விட்டது. புதுப் பாட்டில் வாங்கும்போதெல்லாம் "1 மில்லிக்கு எவ்வளவு, ஒரு சொட்டுக்கு எவ்வளவு" என்று படித்துவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும். அந்தப் பாட்டிலோடு வந்த சொட்டுக்குழாயைத்தான் பயன்படுத்த வேண்டும், வேறு மருந்தின் குழாய் வேண்டாம். குழந்தைக்குச் சொட்டு மருந்து கொடுப்பது தாய் மட்டுமில்லை, பாட்டியோ அப்பாவோ கொடுக்கும் வீடுகளில், கொடுத்தாயிற்று என்று ஓரிடத்தில் குறித்து வைத்தால் இரண்டு முறை போவதும் நிற்கும்.

சாப்பிடும் முறையில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. கொழுப்பில் கரைவது என்பதால், கொஞ்சம் எண்ணெயோ நெய்யோ சேர்ந்த உணவோடு சாப்பிட்டால் நன்றாக உள்ளே போகும். வெறும் வயிற்றில் வேண்டாம். காலையா இரவா என்பது முக்கியமில்லை, மறக்காத நேரம் எதுவோ அதுவே நல்ல நேரம். ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரண்டாகச் சாப்பிட்டு ஈடுகட்ட வேண்டாம், விட்டுவிடுங்கள். டி2 என்ற வகையும் உண்டு. ரத்தத்தில் அளவை ஏற்றி நிலைநிறுத்துவதில் டி3 மேல்.

டி3-ஐப் போலவே ஒலிக்கும் வேறு மருந்துகளில் குழம்பிவிடாதீர்கள். கால்சிட்ரியால், ஆல்ஃபாகால்சிடால் என்ற பெயரில் வருபவை வைட்டமின் டியின் வீரிய வடிவங்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு, அங்கே நடக்க வேண்டிய கடைசி மாற்றம் நடக்காததால், அதைச் செய்து முடித்தே கொடுக்கிறார்கள். அட்டையில் 0.25 மைக்ரோகிராம் என்று இருக்கும். நாற்பதால் பெருக்கினால் வெறும் 10 யூனிட் தானே, இது ஒன்றும் செய்யாது என்று நினைத்தால் பெரிய தப்பு. அந்தக் கணக்கு இதற்குப் பொருந்தாது. இவை கால்சியத்தைச் சீக்கிரம் ஏற்றக்கூடியவை. மருத்துவர் எழுதாமல் தொடவே கூடாது, ஒருவருடையதை இன்னொருவர் சாப்பிடவும் கூடாது.

பரிசோதனை எண்ணிலும் ஒரு பொறி இருக்கிறது. சில ஆய்வகங்கள் ஒரு மில்லி லிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்ற கணக்கிலும், சில ஒரு லிட்டருக்கு இத்தனை நானோமோல் என்ற கணக்கிலும் கொடுக்கும். முதல் கணக்கில் 20 நானோகிராம் என்பது இரண்டாவது கணக்கில் 50 நானோமோல். 50 என்று பார்த்து "ஆகா, நிறைய இருக்கிறது" என்றோ, 20 என்று பார்த்துப் பதறியோ போவதற்கு முன், எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அலகைப் பாருங்கள். பெரும்பாலானவர்களின் எலும்புக்கு 20 நானோகிராம் போதும் என்று மேலே சொன்ன 2010 அறிக்கை சொல்கிறது. 12-க்குக் கீழே போனால் குறைபாடு. 30 வேண்டும் என்று சொல்லும் மருத்துவர்களும் உண்டு. 150-ஐத் தாண்டினால் நஞ்சாகும் ஆபத்து நிஜமானது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: நலமாக இருக்கும் எல்லோருக்கும் இந்தப் பரிசோதனை தேவையில்லை என்று ஹார்மோன் மருத்துவர்களின் சங்கமான எண்டோக்ரைன் சொசைட்டி 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அதே வழிகாட்டுதல், 75 வயதைத் தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், 18 வயதுக்குள் இருப்பவர்கள் ஆகியோருக்குப் பரிசோதனை இல்லாமலே வைட்டமின் டி கொடுக்கலாம் என்கிறது.

சிலர் மட்டும் தாங்களாகத் தொடங்கவே கூடாது. சிறுநீரக நோய் உள்ளவர்கள், சிறுநீரகக் கல் வந்தவர்கள், ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றும் பாராதைராய்டு சுரப்பி அதிகம் சுரப்பவர்கள், சார்காய்டோசிஸ் (நுரையீரல் போன்ற உறுப்புகளில் சிறு கட்டிகள் உண்டாகும் நோய்) அல்லது காசநோய் உள்ளவர்கள். கடைசியில் சொன்ன இரண்டு நோயிலும், நோயால் உண்டாகும் கட்டிகளே வைட்டமின் டியை வீரிய வடிவமாக மாற்றத் தொடங்கிவிடும். சாதாரண அளவுகூட அவர்களுக்கு அதிகமாகலாம். மருந்துகளில், ரத்த அழுத்தத்துக்காகத் தயசைடு வகை நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சிறுநீரில் கால்சியம் வெளியேறுவது குறைவு, அதோடு வைட்டமின் டி சேர்ந்தால் கால்சியம் ஏறலாம். இதயத்துக்கு டிகாக்சின் சாப்பிடுகிறவர்களுக்குக் கால்சியம் ஏறினால் இதயத்துடிப்பு தாறுமாறாகும். வலிப்புக்கான ஃபெனிடாயின், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இவையோ எதிர்த்திசையில் போகின்றன, வைட்டமின் டியைச் சீக்கிரம் சிதைத்துவிடும். அதற்காக நீங்களே அளவைக் கூட்டிக்கொள்ள வேண்டாம், மருத்துவர் பார்த்துக் கூட்டுவார்.

அளவு மீறியதன் அறிகுறிகள் மெதுவாக வரும், வேறு நோய் மாதிரியே தெரியும். அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், பசியின்மை, குமட்டல், வாந்தி, மலச்சிக்கல், தசைச் சோர்வு. முற்றினால் குழப்பம், இதயத்துடிப்பில் கோளாறு, சிறுநீரகப் பாதிப்பு. வைட்டமின் டி சாப்பிடுகிற ஒருவருக்கு இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால், மாத்திரையையும் கால்சியத்தையும் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். ரத்தத்தில் கால்சியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், வைட்டமின் டி மூன்றையும் பார்ப்பார்கள். குழப்பமோ ஓயாத வாந்தியோ இருந்தால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கே போங்கள். போகும்போது எல்லா அட்டையும், தீர்ந்துபோன வெற்று அட்டை உட்பட, கையில் இருக்கட்டும். பெரியம்மா விஷயத்தில் காரணத்தைக் காட்டிக் கொடுத்தது அந்த வெற்று அட்டைகள்தான்.

இப்போது பெரியம்மா தினமும் 800 யூனிட் மட்டும் சாப்பிடுகிறார். வாராந்திரக் கேப்ஸ்யூல் எப்போதாவது மறுபடி தேவைப்பட்டால் என்ன செய்வது என்றும் முடிவு செய்து வைத்திருக்கிறோம். அது தினசரி மாத்திரை டப்பாவுக்குள் போகாது. அட்டையிலேயே ஒவ்வொரு கேப்ஸ்யூலுக்குப் பின்னாலும் பேனாவால் ஒரு ஞாயிற்றுக்கிழமையின் தேதி எழுதிவிடுவோம். எட்டாவது தேதிக்குக் கீழே "நிறுத்து" என்று எழுதிவிடுவோம்.